வீட்டுப் பேச்சும் புதிய பாட்டும்

1983-ஆம் ஆண்டு ஆசிரியப் பயிற்சியை முடித்துக்கொண்டு, தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வரலாற்று ஆசிரியனாகப் பணியில் சேர்ந்தேன். திண்ணையை ஒட்டிய சிறிய அறை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. அந்த அறையில் எனக்குத் துணையாக இருந்தவை இரண்டு: சுவரில் மாட்டிய உலகப் படம் ஒன்று, மின்கலத்தில் இயங்கும் வானொலிப் பெட்டி ஒன்று. இரவு உணவுக்குப் பின் சிற்றலையில் முள்ளைத் திருப்பி, இலண்டன் வானொலியின் தமிழோசையைத் தேடுவது வழக்கம். சிற்றலை என்பது ஆற்று மணலில் நடப்பதைப் போன்றது. கால் வைத்த இடத்தில் நிற்காது. ஒருநாள் முள் சற்றே நகர்ந்து ஆங்கில ஒலிபரப்பில் போய் நின்றது.

தாழ்ந்த குரலில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அறிவிப்பாளர்க்குரிய மிடுக்கு அக்குரலில் இல்லை. திண்ணையில் சாய்ந்தபடி அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுவாரைப் போலத் தம் வீட்டுச் சங்கதி எதையோ சொல்லி முடித்தார். உடனே ஒரு பாட்டு எழுந்தது. பாட்டென்று நான் இன்று சொல்லுகிறேன். அன்று அது தகரக் கூரையின் மேல் யாரோ தேங்காய்களை உருட்டிவிட்டதைப் போல் இருந்தது. உள்ளறையில் படுத்திருந்த வீட்டுக்கார முதியவர் எழுந்து வந்து, "என்ன தம்பி, பெட்டிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "இல்லைங்க ஐயா, பாட்டுத்தான்" என்றேன். "பாட்டா!" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போய்விட்டார். நான் பெட்டியை அணைக்கவில்லை. அந்தப் பாட்டு எனக்குப் பிடித்திருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த மனிதர் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று கேட்கவேண்டும் போல் இருந்தது, அவ்வளவே.

அவர் பெயர் ஜான் பீல். பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் முதலாம் வானொலியில் 1967 முதல் 2004 வரை, முப்பத்தேழு ஆண்டுகள், பெரும்பாலும் இரவு வேளையில், ஊர் பேர் தெரியாத இசைக்குழுக்களின் பாட்டுகளை ஒலிபரப்பியவர். அவற்றின் நடுவே தம் மனைவி, மக்கள், தோட்டம், கால்பந்து, உடல்நலக் குறைவு ஆகியவற்றைப் பற்றியும் பேசியவர். இவ்விரண்டும் ஒருவரிடத்தில் எவ்வாறு சேர்ந்தன, அச்சேர்க்கையால் இசை வரலாற்றில் என்ன நேர்ந்தது என்பதையே மாணவர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல எண்ணுகிறேன். மன்னர்களும் போர்களும் மட்டுமே வரலாறு என்று முப்பத்தைந்து ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். ஆதலால் இதனைக் கொஞ்சம் பிராயச்சித்தமாகவும் நீங்கள் கொள்ளலாம்.

பீல் என்பது அவருடைய இயற்பெயர் அன்று. ஜான் ராபர்ட் பார்க்கர் ரேவன்ஸ்கிராஃப்ட் என்ற நீண்ட பெயருடன் 1939 ஆகஸ்டு 30-ஆம் நாள், லிவர்ப்பூல் நகரத்துக்கு அண்மையிலுள்ள ஹெஸ்வால் என்ற ஊரில் பிறந்தார். அதற்கு நான்காம் நாள் பிரிட்டன் ஜெர்மனியின் மீது போர் அறிவித்தது. தந்தையார் பருத்தி வணிகர். அவரைப் போர் கொண்டு சென்றது. பையன் சற்று வளர்ந்ததும் ஷ்ரூஸ்பரி என்ற இடத்திலுள்ள பழம்பெரும் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அங்கே அவனுடைய விடுதி ஆசிரியர் முன்னேற்ற அறிக்கையில் ஒரு குறிப்பு எழுதினார். காதால் கேட்க முடியாத இசைத்தட்டுகளின் மீது இவனுக்குள்ள பற்றையும், நீளமாகக் கிண்டல் கட்டுரை எழுதுவதில் இவனுக்குள்ள இன்பத்தையும் கொண்டு, ஒருவேளை ஏதேனும் ஒரு பயங்கரமான தொழிலை இவன் அமைத்துக்கொள்ளலாம் என்பது அக்குறிப்பின் கருத்து. ஆசிரியர் எழுதியது நையாண்டி. ஆயினும் நடந்தது அதுவே. மாணவர் அறிக்கையில் நான் எழுதிய ஆயிரக்கணக்கான குறிப்புகளுள் ஒன்றேனும் இவ்வளவு துல்லியமாகப் பலித்ததில்லை. "கவனம் தேவை" என்பதற்கு மேல் நான் பெரும்பாலும் எழுதியதுமில்லை.

படைத்துறைப் பணியில் இரண்டாண்டு, பஞ்சாலையில் சிறிது காலம். பின்னர் 1960-இல் தந்தையார் அவரைப் பருத்தித் தொழில் பழகுமாறு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்கு அனுப்பினார். அங்கே அவர் பருத்தியைக் கற்கவில்லை. காப்பீட்டுப் பத்திரம் விற்றார். 1963 நவம்பரில் குடியரசுத் தலைவர் கென்னடி டல்லாஸ் நகரில் சுடப்பட்டபோது, தாம் லிவர்ப்பூல் நாளிதழ் ஒன்றின் நிருபர் என்று துணிந்து சொல்லிக்கொண்டு, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஆஸ்வால்டைக் காவல் நிலையத்தில் பத்திரிகையாளர்முன் நிறுத்திய கூட்டத்திற்குள்ளேயே நுழைந்துவிட்டார். அடுத்த ஆண்டு பீட்டில்ஸ் குழுவின் மீது அமெரிக்கா பித்துக்கொண்டது. லிவர்ப்பூல் பக்கத்திலிருந்து வந்தவர் என்ற ஒரே தகுதியால் டல்லாஸ் வானொலி நிலையத்தார் இவரை ஒலிவாங்கியின்முன் அமர்த்தினர். வாழ்க்கை சில வேளைகளில் இப்படித்தான் கதவைத் திறக்கிறது.

1967-இல் நாடு திரும்பினார். அக்காலத்துப் பிரிட்டனில் சட்டப்படி வானொலி நடத்தும் உரிமை ஒலிபரப்புக் கழகம் ஒன்றுக்கே இருந்தது. அக்கழகமோ இளைஞர் விரும்பிய இசைக்குப் போதிய இடம் தரவில்லை. ஆகவே சில வணிகர் கரையிலிருந்து சற்றுத் தொலைவில், நாட்டின் கடல் எல்லைக்கு அப்பால், கப்பல்களை நங்கூரமிட்டு நிறுத்தி அங்கிருந்து பாட்டு ஒலிபரப்பினர். 'கடற்கொள்ளை வானொலி' என்று அவற்றை அழைத்தனர். அவற்றுள் ஒன்றான 'ரேடியோ லண்டன்' கப்பலில் நம்மவர் சேர்ந்தார். பீல் என்ற பெயரும் அங்கேதான் வந்தது. நள்ளிரவு முதல் இரண்டு மணிவரை அவருடைய நேரம். முதலாளிமார் உறங்கும் வேளை அது. அதனால் விளம்பரத்தையும் மற்றவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தமக்குப் பிடித்த தட்டுகளை வைத்தார்; நேயர்கள் எழுதிய கடிதங்களைப் படித்தார். தனியே விழித்திருப்பவர்கள் பலர் தம்மைப்போல் பிறரும் விழித்திருக்கிறார்கள் என்பதை அறிந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் புதிய சட்டத்தின் காரணமாகக் கப்பல் வானொலி ஓய்ந்தது. செப்டம்பர் 30-ஆம் நாள் கழகம் இளைஞருக்கென முதலாம் வானொலியைத் தொடங்கியது. கப்பலில் இருந்தோர் பலரைக் கரையேற்றி வேலைக்கும் வைத்துக்கொண்டது. அன்று சேர்ந்த இசைத்தட்டு அறிவிப்பாளர்களுள் இறுதிவரை அந்நிலையத்திலேயே இருந்தவர் பீல் ஒருவரே.

இவ்விடத்தில் ஒரு விதியைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. இசைத்தட்டுகளை வானொலியில் ஓயாது ஒலித்தால் இசைவாணர் பிழைப்புப் போய்விடும் என்று அவர்களுடைய சங்கம் அஞ்சியது. விற்பனை குறையுமென்று தட்டு நிறுவனத்தாரும் அஞ்சினர். ஆகவே நாளொன்றுக்கு இத்தனை மணி நேரந்தான் தட்டு ஒலிக்கலாம் என்ற ஓர் உடன்பாடு இருந்தது. தட்டின்மேல் ஓடும் ஊசியை வைத்து அதற்கு 'ஊசி நேரம்' என்று பெயர். 1988 வரை இவ்விதி நீடித்தது. எஞ்சிய நேரத்தை நிரப்ப, இசைவாணரை நேரில் அழைத்துக் கூலி கொடுத்துப் பாடவைத்தாக வேண்டும்.

பிறருக்குத் தடையாக இருந்த இவ்விதியைப் பீலும் அவருடைய தயாரிப்பாளர் ஜான் வால்ட்டர்ஸும் வாசலாக ஆக்கிக்கொண்டனர். தட்டு வெளியிடப் பணமில்லாத குழு, ஊர் மன்றத்தில் இருபது பேர்முன் பாடிய குழு, அஞ்சலில் ஒலிநாடா அனுப்பிய குழு என்று தேடிப் பிடித்து, இலண்டனின் மைடா வேல் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வரவழைத்தனர். ஒரே நாளில் பெரும்பாலும் நான்கு பாட்டுகள். மாலைக்குள் பதிவு, இரவுக்குள் செப்பனிடுதல், அவ்வளவே. முப்பத்தேழு ஆண்டுகளில் இவ்வாறு நடந்த அமர்வுகள் நாலாயிரத்துக்கும் மேல். பாடிய குழுக்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். மான்செஸ்டரைச் சேர்ந்த 'தி ஃபால்' என்ற ஒரு குழு மட்டும் இருபத்துநான்கு முறை வந்து பாடியது. பீலுக்கு அவர்கள்மேல் அத்தனை பற்று. அக்குழுவின் தலைவர் பாடுவது சண்டை போடுவது போலிருக்கும் என்பது என் கருத்து. ஆனால் இருபத்துநான்கு முறை கேட்டவருடைய காது என் காதைவிடப் பொறுமையுள்ளது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

1976-ஆம் ஆண்டளவில் 'பங்க்' என்னும் இசை பிறந்தது. மூன்றே சுரக்கட்டு, இரண்டரை நிமிடப் பாட்டு, மிகுந்த வேகம். அமெரிக்காவின் 'ரமோன்ஸ்' குழுவினுடைய முதல் தட்டைப் பீல் ஒலிபரப்பிய உடனே, நீண்ட நேரம் வாசிக்கும் பழைய பாணிக் குழுக்களை விரும்பிய நேயர்கள் சினந்து கடிதம் எழுதினர். பலர் விலகினர், பள்ளிப் பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். அவ்வேளையிலேதான் 'சுயேச்சை' இசை என்பது தலையெடுத்தது. ஆங்கிலத்தில் 'இண்டி' என்று சுருக்கிச் சொல்லுவர். நம் நாட்டுத் தேர்தலில் எந்தக் கட்சியின் சின்னமும் இல்லாமல் நிற்பவரைச் சுயேச்சை என்கிறோமல்லவா? அவரைப் போலவே பெரிய தட்டு நிறுவனம் எதனுடைய முத்திரையும் இல்லாமல் தாமே தட்டு அச்சிட்டு நின்றவர்கள் இவர்கள். மான்செஸ்டரின் 'பஸ்காக்ஸ்' குழுவினர் நண்பரிடமும் குடும்பத்தாரிடமும் ஏறத்தாழ 500 பவுன் கடன் வாங்கி, ஒரே நாளில் நான்கு பாட்டுகளைப் பதிந்து, 1977 ஜனவரியில் ஆயிரம் தட்டுகள் வெளியிட்டனர். அவை விற்றுத் தீர்ந்து, மேலும் மேலும் அச்சிட்டு, எண்ணிக்கை 16,000-ஐ எட்டியது. தேர்தலில் சுயேச்சைக்கு வைப்புத்தொகை திரும்பி வருவது அரிது. இவர்களுக்குத் திரும்பி வந்தது.

ஆயிரம் தட்டு அச்சிட்டுவிடலாம். அவை இருப்பதை நாட்டிற்குச் சொல்பவர் யார்? கடைக்காரர் அடுக்கமாட்டார், செய்தித்தாள் எழுதாது. இரவு பத்து மணிக்கு ஒருவர் தட்டை ஒலித்து, அக்குழுவின் ஊரைச் சொல்லி, வாங்க விரும்புவோர் எழுதவேண்டிய முகவரியையும் படித்தார். அம்முகவரி பெரும்பாலும் ஒரு வீட்டு முகவரியாகவே இருக்கும். மறுவாரம் அவ்வீட்டின் அஞ்சல் பெட்டி நிறைந்திருக்கும்.

இனி அவருடைய வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1974-இல் ஷீலா என்ற பெண்மணியை மணந்தார். இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் மாவட்டத்தில், கிரேட் ஃபின்பரோ என்ற சிற்றூரில், கூரை வேய்ந்த பழைய வீடு ஒன்றில் குடியேறினார். அந்தச் சிறிய இடத்துக்குப் 'பீல் பண்ணை' என்ற பொருள்படப் பெரிய பெயர் ஒன்றை விளையாட்டாகச் சூட்டினார். நான்கு பிள்ளைகள் பிறந்தனர். லிவர்ப்பூல் கால்பந்துக் குழுவின்மேல் அவருக்கிருந்த பக்தியால் நால்வர் பெயரிலும் அக்குழுவின் ஆடுகளமோ ஆட்டக்காரரோ பயிற்றுநரோ இடம் பெற்றனர். நம் வீடுகளில் குலதெய்வத்தின் பெயரை இடையில் வைப்பதைப் போல என்று கொள்ளுங்கள். மனைவி சிரிக்கும்போது எழும் ஒலியைக் கேலி செய்து 'பன்றி' என்று அவருக்குச் செல்லப் பெயர் வைத்து, அதனை வானொலியிலும் சொன்னார். நாம் அவ்வாறு சொன்னால் அன்றிரவு சோறு கிடைக்காது. அந்த அம்மையார் பொறுத்துக்கொண்டார். பிற்காலத்தில் நிலையத்திற்குப் போகாமல் தம் வீட்டிலிருந்தே சில நாள் ஒலிபரப்பினார். அப்போது ஷீலாவின் குரலும் கேட்டது. இசைக்குழுக்கள் அவ்வீட்டின் அறையிலேயே வந்து பாடின.

தட்டின் வேகத்தை மாற்றி வைத்துவிடுவது அவருடைய புகழ்பெற்ற பிழை. நிமிடத்துக்கு 33 சுற்று ஓடவேண்டிய தட்டு 45 சுற்றில் ஓடும். அல்லது இது அதுவாக மாறும். கேட்பவர்க்கும் தெரியாது, ஏனெனில் அத்தகைய பாட்டை அவர்கள் முன்பு கேட்டதே இல்லை. பாதியில் அவருக்கே ஐயம் வந்து மன்னிப்புக் கேட்பார். தேர்ந்த அறிவிப்பாளர் ஒருவர் இதனை மறைத்திருப்பார். பீல் மறைக்கவில்லை. என் கருத்து இதுதான்: வீட்டைப் பற்றிப் பேசியதும் பிழையை ஒப்புக்கொண்டதும் ஒரே இயல்பின் இரு முகங்கள். 'இந்தப் பாட்டு உயர்ந்தது, நீ இரசிக்கக் கடமைப்பட்டிருக்கிறாய்' என்று அவர் யாருக்கும் வகுப்பு எடுக்கவில்லை. தமக்கு எப்படிப் பட்டதோ அப்படிச் சொன்னார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்ன அதே மூச்சில் 'இதைக் கேளுங்கள்' என்று ஒருவர் சொன்னால், கேட்கலாமே என்று தோன்றும். ஜிம்பாப்வே நாட்டுப் 'பண்டு பாய்ஸ்' குழுவின் இசைக்குக் கண்ணீர் விட்டதையும் அவர் மறைக்கவில்லை. ஜமைக்காவின் ரெக்கே, வடஇங்கிலாந்துக் கல்லூரி மாணவரின் முணுமுணுப்பு, இடியைப் போன்ற பேரிரைச்சல் ஆகிய மூன்றும் ஒரே இரவில் வரும். அவற்றைக் கோத்த சரடு இசையிலக்கணம் அன்று, அவருடைய குரல்.

வட அயர்லாந்தில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1960-களின் இறுதி முதல் அந்நாட்டில் இரு சமயப் பிரிவினரிடையே குருதி சிந்திக்கொண்டிருந்தது. தெருவெங்கும் படை, நாள்தோறும் வெடிகுண்டு. வெளியூர் இசைக்குழுக்கள் அங்கே வருவதற்கு அஞ்சின. பெல்பாஸ்ட் நகரில் டெரி ஹூலி என்பவர் இசைத்தட்டுக் கடை ஒன்றைத் துணிந்து திறந்தார். உள்ளூர்ப் பிள்ளைகளின் பாட்டைத் தாமே வெளியிடவும் தொடங்கினார். 'நல்லதிர்வு' என்று பொருள்படும் 'குட் வைப்ரேஷன்ஸ்' என்பது கடைக்கும் தட்டுக்கும் பெயர். டெரி நகரைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள், 'தி அண்டர்டோன்ஸ்' என்ற பெயரில், 'டீனேஜ் கிக்ஸ்' என்ற பாட்டைப் பதிந்தனர். அதில் குண்டும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. அடுத்த தெருப் பெண்ணை எண்ணி ஏங்கும் இளைஞனின் பாட்டு. இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

1978 செப்டம்பரில் பீலிடம் அத்தட்டு சேர்ந்தது. ஒலித்தார், முடிந்ததும் ஊசியை எடுத்து மீண்டும் தொடக்கத்தில் வைத்து, அதே பாட்டை இரண்டாம் முறையும் ஒலித்தார். அமெரிக்கத் தட்டு நிறுவனத் தலைவர் ஒருவர் இலண்டனில் காரில் செல்லுகையில் அதைக் கேட்டு, அக்குழுவுக்கு ஒப்பந்தம் கொடுத்தார். சில வாரங்களில் அப்பையன்கள் நாடறிந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நின்றார்கள். செய்தி என்றால் குண்டுச் செய்தி என்றிருந்த ஊரிலிருந்து, காதல் செய்யவும் நேரமுண்டு என்ற செய்தி அன்று வந்தது. வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் சொல்லுகிறேன்: அக்காலத்து வட அயர்லாந்தைப் பற்றி நான் வகுப்பில் சொன்னவை அனைத்தும் உண்மை. ஆயினும் அந்தப் பாட்டைச் சொல்லாததனால், அங்கும் பிள்ளைகள் பிள்ளைகளாகவே வளர்ந்தார்கள் என்னும் உண்மை என் மாணவர்களுக்குக் கிடைக்காமற் போயிற்று.

தம் வீட்டைப் பற்றிப் பேசியவர் தம்மைப் பற்றிய எல்லாவற்றையும் பேசினார் என்று நீங்கள் நம்பிவிடலாகாது. அமெரிக்காவில் இருந்தபோது, 1965-இல், இருபத்தாறு வயதில் அவர் ஒரு பெண்ணை மணந்தார். அப்பெண்ணுக்கு வயது பதினைந்து. அவ்வயதை அப்போது தாம் அறியவில்லை என்று பின்னாளில் கூறினார். மணம் நிலைக்கவில்லை, 1973-இல் சட்டப்படி முறிந்தது. ஷீலாவும் நான்கு பிள்ளைகளும் நேயர் அனைவருக்கும் உறவினர் ஆனார்கள். அந்தச் சிறுமியின் பக்கத்துக் கதையைக் கேட்க இரவு வானொலியில் இடமில்லை. அவர் மறைந்த பின் இச்செய்தியைப் பலர் மீண்டும் எடுத்துப் பேசினர், பேசியது முறையே. இனிய குரலுக்குரியவர் என்பதற்காக இதனை விட்டுவிடுவது வரலாறு ஆகாது. இதற்காகத் தட்டுகளையெல்லாம் குப்பையில் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை; அப்பாட்டுகள் பாடியவர்களுடையவை. ஒருவரை ஒலிவாங்கி வழியாக மட்டும் அறிந்துகொண்டு, முழுதும் அறிந்துவிட்டதாக எண்ணிய நேயர்களுள் நானும் ஒருவன். அதைத்தான் சொல்லுகிறேன்.

1998-இல் கழகத்தின் நான்காம் வானொலியில் சனிக்கிழமை காலை நிகழ்ச்சி ஒன்றை அவர் நடத்தத் தொடங்கினார். 'ஹோம் ட்ரூத்ஸ்' என்பது அதன் பெயர். வீட்டு உண்மைகள் என்று சொல்லலாம். அதில் பாட்டு இல்லை. நேயர்கள் தம் குடும்பத்தில் நடந்த சிறிய பெரிய நிகழ்ச்சிகளைச் சொன்னார்கள், பீல் கேட்டார். முப்பது ஆண்டுகளாகப் பாட்டின் ஓரத்தில் நின்ற வீட்டுப் பேச்சு இப்போது நடுவே வந்து அமர்ந்தது. பங்க் இசையின் பெயரைக்கூடக் கேள்விப்படாத பாட்டிமார் அவருக்கு நேயர்களானார்கள். இரவில் பேரிரைச்சல், காலையில் குடும்பக் கதை. இரண்டையும் ஒரே குரல் சொன்னது.

இசைத்தட்டுகளை அவர் வைத்திருந்த முறையையும் குறிப்பிட வேண்டும். நெடுந்தட்டுகள் 26,000-க்கு மேல், குறுந்தட்டுகள் 40,000 அளவு, குறுவட்டுகள் தனி. ஒவ்வொரு நெடுந்தட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, தட்டச்சுப் பொறியில் ஓர் அட்டை அடித்து, பாட்டுகளின் பெயரைக் குறித்து, பிடித்த பாட்டுக்கு விண்மீன் குறியிட்டு, பெட்டிகளில் அடுக்கினார். பள்ளி நூலகத்தில் அட்டவணை எழுதியவர்களுக்கு அந்த உழைப்பு தெரியும். இத்தனை ஒழுங்குள்ளவர் தட்டின் வேகத்தை மட்டும் ஏன் தவறவிட்டார் என்பது விளங்கவில்லை.

ஒலிநாடாக்கள் அவருக்கு ஓயாத கவலை. புதிய குழுக்கள் அனுப்பும் நாடாக்கள் மூட்டை மூட்டையாக வந்தன. சஃபோக்கிலிருந்து இலண்டன் ஏறத்தாழ 80 மைல். போகும்போதும் வரும்போதும் காரில் அவற்றையே கேட்டார். எல்லாவற்றையும் கேட்டு முடிக்க ஒருவரால் இயலாது. கேளாத நாடா ஒன்றில் நல்ல பாட்டு இருந்துவிடுமோ என்ற எண்ணம் அவரை விடவில்லை.

2004 அக்டோபர் 25-ஆம் நாள், தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் குஸ்கோ நகரில், மனைவியுடன் சென்றிருந்தபோது மாரடைப்பால் காலமானார். வயது அறுபத்தைந்து, ஏறத்தாழ இன்றைய என் வயது. எழுதிக்கொண்டிருந்த தன்வரலாறு பாதியில் நின்றது. ஷீலா பிள்ளைகளின் உதவியுடன் அதனை முடித்து, 2005-இல் வெளியிட்டார். கிரேட் ஃபின்பரோ தேவாலயத்துக் கல்லறையில் 'டீனேஜ் கிக்ஸ்' பாட்டின் அடி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது.

அவருடைய நிகழ்ச்சிகளுள் பல இன்றும் கேட்கக் கிடைப்பதற்குக் காரணம் பெருமளவு நேயர்களே. வானொலிப் பெட்டியின் அருகே ஒலிநாடாப் பொறியை வைத்துப் பதிந்தவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். நள்ளிரவில் தாய் தந்தையர்க்குத் தெரியாமல் போர்வைக்குள் பதிந்தவர்கள் உண்டு. பரணில் கிடந்த அந்நாடாக்களை அவர்கள் பின்னாளில் ஒருவருக்கொருவர் கொடுத்துத் தொகுத்தார்கள். கல்வெட்டும் ஓலைச்சுவடியும் நமக்குக் கிடைத்தது போலவே இந்த வரலாறும் யாரோ ஒருவருடைய வீட்டிலிருந்து கிடைத்தது.

நாடா என்றதும் என் குற்றம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1996-ஆம் ஆண்டு, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒலிநாடா ஒன்றை என்னிடம் கொண்டுவந்து நீட்டினான். தானும் தன் நண்பர் இருவரும் சேர்ந்து பாட்டுக் கட்டிப் பாடியிருப்பதாகவும், "நீங்க கேட்டுட்டுச் சொல்லணும் சார்" என்றும் கேட்டுக்கொண்டான். சிற்றலையில் இலண்டன் பாட்டைக் கேட்கும் ஆசிரியர் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். தேர்வு நெருங்கிய நேரம். "முதலில் படிப்பைப் பார்" என்று சொல்லி நாடாவை வாங்கி மேசையறையில் வைத்தேன். அவன் இரண்டு மூன்று முறை என் முகத்தைப் பார்த்தபடி வாசற்படியில் நின்றது நினைவிருக்கிறது. பின்னர் வரவில்லை. தேர்வில் தேறினான், ஊரை விட்டுப் போனான். ஆயிரக்கணக்கான கல் தொலைவிலிருந்த ஒருவர், முகமறியாப் பிள்ளைகளின் நாடாவைக் கேட்டார் என்று வியந்தவன், என் கைக்கு வந்த ஒன்றைக் கேட்கவில்லை.

2018-இல் பணி ஓய்வு பெறும் நாளில் அறையைக் காலி செய்தபோது, பழைய வருகைப் பதிவேடுகளுக்கு அடியில் அது கிடைத்தது. உறையில் மை மங்கியிருந்தது. நாடாப் பொறி யாரிடமும் இல்லை. கும்பகோணத்தில் பழுது பார்ப்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, ஒரு பொறியை ஓடும் நிலைக்குக் கொண்டுவர நான்கு மாதம் ஆயிற்று. ஒருநாள் இரவு, உண்ட பின், தனியே அமர்ந்து அதைப் போட்டேன்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஆடு ஒன்று கத்தியது. அடுப்படியிலிருந்து ஒரு பெண்ணின் குரல், "டேய், தண்ணி வந்துடுச்சு, குடத்தை எடுத்துட்டுப் போடா" என்று கேட்டது. "இரும்மா, இன்னும் ஒரே ஒரு தடவை" என்று பையன் சொன்னான். யாரோ சிரித்தார்கள். தகரப் பெட்டியில் விரலால் தாளம் எழுந்தது. பாட்டு தொடங்கியது.

பொறியின் வேகம் சற்றுக் கூடுதலோ என்று எனக்கு ஐயமாக இருந்தது. மூன்று முறை கேட்டேன். பழைய சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது திரும்பி வந்துவிட்டது. வேறு முகவரி தேடிக்கொண்டிருக்கிறேன்.